வலி போய்விட்டது, பயிற்சி வீடியோவும் இருக்கிறது. இனியும் பிசியோதெரபிஸ்ட் எதற்கு?

கேள்வி கேட்டவரின் நிலைமையை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வயது 28. கால்பந்து ஆடும்போது முழங்கால் திருகி, ஏசிஎல் என்கிற முன்புறக் குறுக்கு ஜவ்வு அறுந்துவிட்டது. அறுவைச் சிகிச்சை முடிந்து மூன்று மாதம் ஆகிறது. முதல் ஆறு வாரம் பிசியோதெரபிஸ்ட்டிடம் போனார், அப்புறம் நிறுத்திவிட்டார். இப்போது வலி இல்லை, நடை பழையபடி ஆகிவிட்டது. இணையத்தில் கிடைத்த ஒரு பயிற்சித் திட்டத்தை வீட்டிலேயே தவறாமல் செய்துவருகிறார். இனியும் ஒருவரிடம் போய்வர வேண்டுமா, ஆறாவது மாதம் மைதானத்தில் இறங்கலாமா என்பதுதான் கேள்வி.

வாரத்துக்கு மூன்று நாள் போகத் தேவையில்லை. ஆனால் யாருமே பார்க்காமல் இப்படியே தொடர்வது சரியில்லை. ஆறாவது மாதம் ஆட்டத்துக்குப் போவது கூடவே கூடாது.

நான் பிசியோதெரபிஸ்ட். அதனால் என் தொழிலுக்காகப் பேசுகிறேன் என்று தோன்றலாம். எங்கள் உதவி இல்லாமலே சரியாகிவிடும் விஷயங்களும் இருக்கின்றன, அவற்றையும் கீழே சொல்கிறேன். உங்கள் முழங்கால் அந்தப் பட்டியலில் இல்லை.

பயிற்சிகள் ரகசியமானவை அல்ல. சுவரில் சாய்ந்து உட்கார்வது, படி ஏறி இறங்குவது, ஒற்றைக் காலில் நிற்பது, எடை வைத்துக் காலை நீட்டுவது. எந்த பிசியோதெரபிஸ்ட்டிடம் போனாலும் பெரும்பாலும் இவைதான். நீங்கள் பார்க்கும் வீடியோவிலும் இவையே இருக்கும், ஒருவேளை அழகாகவே செய்து காட்டியிருப்பார்கள். ஒரு தேர்ந்த ஆளிடம் போவது பயிற்சியைக் கற்றுக்கொள்ள மட்டும் அல்ல. இன்றைக்கு எது, எவ்வளவு, எந்தக் கோணம் வரைக்கும், எப்போது கூட்டலாம், எப்போது ஒரு படி பின்வாங்க வேண்டும் என்று முடிவெடுக்கத்தான் அவர் தேவைப்படுகிறார். உடல் தேறிவரும் காலம் முழுக்க இந்த மாதிரி முடிவுகள்தான். அவற்றை உங்கள் உணர்வை மட்டும் நம்பி எடுத்தால் எங்கே தடுமாறும் என்று பார்ப்போம்.

உங்கள் முழங்காலுக்குள் இப்போது என்ன நடக்கிறது? அறுந்த ஜவ்வுக்குப் பதிலாக உங்கள் உடலிலிருந்தே ஒரு தசைநாண் துண்டை எடுத்து வைத்திருப்பார்கள். பெரும்பாலும் பின்தொடையிலிருந்தோ முட்டிச்சில்லுக்குக் கீழிருந்தோ எடுப்பது வழக்கம். வைத்த அன்று அது நல்ல உறுதியாகவே இருக்கும். ஆனால் இடம் மாறியதும் அதற்கு வந்துகொண்டிருந்த ரத்த ஓட்டம் நின்றுவிடுகிறது. உள்ளிருக்கும் செல்கள் பெரும்பாலும் மடிந்து, புதிய ரத்தக் குழாய்களும் புதிய செல்களும் மெல்ல மெல்ல அதற்குள் நுழைந்து அதை மறுபடி கட்டி எழுப்புகின்றன. இந்த மாற்றம் நடக்கும் முதல் சில மாதங்களில் அந்தத் துண்டு வைத்த நாளில் இருந்ததைவிடப் பலவீனமாகத்தான் இருக்கும். முழுதாக ஜவ்வாக முதிர்வதற்கு ஒரு வருடத்துக்கு மேலேயே ஆகலாம்.

இதில் சிக்கல் என்னவென்றால், வலி இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. ஜவ்வு இன்னும் முதிராத அதே காலத்தில் வலி வடிந்து, வீக்கம் இறங்கி, நடை சரியாகிவிடுகிறது. ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்ற எண்ணம் வருவதும் அப்போதுதான். மூன்றாவது மாதத்தில் பிசியோதெரபிஸ்ட்டிடம் போவதை நிறுத்துகிறவர்கள் நிறையப் பேர். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், உடம்பு சொல்வதைத்தான் நம்புகிறார்கள்.

தோள்பட்டைத் தசைநாண் கிழிந்து தைத்தவர்களுக்கும் இதே கதைதான். தைத்த தசைநாண் எலும்போடு ஒட்டிக்கொள்ள ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். ஒன்றரை மாதத்திலேயே வலி நன்றாகக் குறைந்துவிடும், ‘இவ்வளவுதானே’ என்று ஒரு கனமான பையைத் தூக்கிவிடுவார்கள். தைத்த இடம் விட்டுப்போவதற்கு அது ஒன்றே போதும்.

நேர் எதிராகவும் நடக்கும். நாள்பட்ட முதுகுவலியில் திசுக்கள் எப்போதோ ஆறியிருக்கும், வலி மட்டும் போகாது. அப்படிப்பட்டவர் ஒவ்வொரு வலியையும் ‘உள்ளே ஏதோ கிழிகிறது’ என்று எடுத்துக்கொண்டு குனிவதையே விட்டுவிடுவார். குனியாமல் குனியாமல் முதுகு இறுகி, இன்னும் வலிக்கும். ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் ‘டிஸ்க் பிதுங்கியிருக்கிறது’ என்று அறிக்கை வரும், பயம் இரட்டிப்பாகும். முதுகுவலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2015இல் வந்தது. வலி இல்லாத 20 வயதுக்காரர்களிலேயே சுமார் 30 சதவீதம் பேருக்கும், 80 வயதுக்காரர்களில் 84 சதவீதம் பேருக்கும் டிஸ்க் பிதுக்கம் இருந்தது. அந்த அறிக்கையை வாங்கிப் பார்த்துவிட்டு, உங்களைக் குனியச் சொல்லி, நிமிரச் சொல்லி, காலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, ‘இதற்கும் உங்கள் வலிக்கும் பெரிய சம்பந்தம் இல்லை, நீங்கள் தாராளமாக நடக்கலாம்’ என்று பொறுப்போடு சொல்ல ஒருவர் தேவை. அந்த ஒரு வாக்கியத்திலேயே பாதிச் சிகிச்சை முடிந்துபோனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, உங்கள் முழங்காலுக்கு வருவோம். வீடியோவில் பயிற்சி சொல்பவருக்கு உங்கள் அறுவைச் சிகிச்சைக் குறிப்பு தெரியாது. ஏசிஎல் அறுபவர்களில் நிறையப் பேருக்குக் கூடவே மெனிஸ்கஸ் என்கிற வட்டுக் குருத்தெலும்பும் கிழிந்திருக்கும். அதைத் தைத்திருந்தால் விதிகளே வேறு. முதல் சில வாரங்கள் காலில் எவ்வளவு எடை போடலாம் என்பதில் கட்டுப்பாடு இருக்கும், எடையோடு முழங்காலை ஆழமாக மடிப்பதைப் பல மாதங்களுக்குத் தள்ளிப்போடச் சொல்வார்கள். பின்தொடையிலிருந்து தசைநாண் எடுத்தவருக்குப் பின்தொடைப் பயிற்சியை மெதுவாகத் தொடங்க வேண்டும். முட்டிச்சில்லுக்குக் கீழிருந்து எடுத்தவருக்கு முழங்கால் முன்புறம் வலிக்கும், மண்டியிடுவது கடினம். மூன்று பேரும் ‘எனக்கு ஏசிஎல் ஆபரேஷன்’ என்றுதான் சொல்வார்கள். மூன்று பேருக்கும் ஒரே காணொலித் திட்டம் பொருந்தாது.

அடுத்தது முன்தொடைத் தசை. எனக்கு இதில்தான் கவலை அதிகம். முழங்காலுக்குள் கொஞ்சம் நீர் கோர்த்தாலும், மூட்டிலிருந்து போகும் நரம்புச் சமிக்ஞைகள் முன்தொடைத் தசையின் இயக்கத்தைத் தணித்துவிடும். இதற்கு மனஉறுதி குறைவு காரணம் அல்ல. நீங்கள் எவ்வளவு முயன்றாலும் தசையின் ஒரு பகுதிக்கு உத்தரவு போய்ச் சேராது. அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு தொடை சடாரென்று மெலிந்துபோவதற்கு இது ஒரு பெரிய காரணம். இந்த நிலையில் நீங்கள் நூறு தடவை உட்கார்ந்து எழுந்தாலும், வேலையை இடுப்பும் நல்ல காலும் பங்கு போட்டுக்கொள்ளும். பயிற்சி நடக்கும், எந்தத் தசைக்காக அதைச் செய்கிறீர்களோ அது மட்டும் வளராது. கை வைத்துப் பார்க்கத் தெரிந்தவருக்கு ஒரு நிமிடத்தில் இது தெரிந்துவிடும். அவர் முதலில் நீரை வடிய வைப்பார், தேவைப்பட்டால் மின்தூண்டல் கொடுத்துத் தசையை எழுப்புவார், அப்புறம்தான் எடைக்குப் போவார்.

உடம்பின் இந்தச் சமாளிப்புத்தனம் உள்ளிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. ஒற்றைக் காலில் தாவிக் குதித்து, இரண்டு காலும் ஒரே தூரம் போகிறதா என்று பார்ப்பது ஒரு வழக்கமான சோதனை. தூரம் ஏறக்குறைய சமமாக வந்தவர்களை இயக்க ஆய்வுக்கூடத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். தாவும்போதும் தரையிறங்கும்போதும் அறுவைச் சிகிச்சை செய்த முழங்கால் இன்னும் தன் பங்கைச் செய்யவில்லை, இடுப்பும் கணுக்காலும் அதை ஈடுகட்டிக்கொண்டிருந்தன. தூரத்தை மட்டும் அளந்தால் தேறிவிட்டதாகத் தோன்றும். இன்னொரு விஷயமும் உண்டு. மாதக்கணக்கில் ஆடாமல் இருந்ததில் உங்கள் நல்ல காலும் மெலிந்திருக்கும். அதோடு ஒப்பிட்டு ‘இரண்டும் சமம்’ என்று முடிவு செய்தால், பழைய பலத்துக்கு வந்துவிட்டதாக அர்த்தம் ஆகாது.

முழங்கால் முழுதாக நீள்கிறதா என்பதையும் இன்றே பாருங்கள். அறுவைச் சிகிச்சை முடிந்த புதிதில் முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துப் படுத்தால் சுகமாக இருக்கும். அப்படியே பழகிவிட்டால் கடைசிச் சில டிகிரி நீட்டம் வராமல் இறுகிப்போகும். அந்தச் சில டிகிரி குறைந்தால் போதும், ஆள் தாங்கித் தாங்கித்தான் நடப்பார், முன்தொடைத் தசையும் முழுதாக இறுகாது. மல்லாந்து படுத்து, இரண்டு குதிகாலுக்கும் அடியில் சுருட்டிய துண்டு வைத்து, முட்டியின் பின்பக்கம் இரண்டு காலிலும் ஒரே அளவுக்குத் தாழ்கிறதா என்று வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். வித்தியாசம் தெரிந்தால் அதைச் சரிசெய்யாமல் ஓட்டப் பயிற்சிக்குப் போகாதீர்கள். நாள் ஆக ஆக அதைத் திருப்பிக் கொண்டுவருவது கடினமாகிறது.

இனி ஆறாவது மாதக் கேள்வி. நார்வேயின் ஆஸ்லோவும் அமெரிக்காவின் டெலவேரும் சேர்ந்து நடத்திய ஆய்வுத் திட்டத்தில், ஏசிஎல் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 106 பேரை இரண்டு வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2016இல் வெளியானது. கால்பந்து போலச் சட்டென்று திரும்பி வெட்டி ஓடும் ஆட்டங்களுக்குத் திரும்பியவர்களுக்கு, திரும்பாதவர்களைவிட முழங்காலில் மறுபடி அடிபடும் வாய்ப்பு நான்கு மடங்குக்கும் மேல் இருந்தது. ஒன்பதாவது மாதம் வரைக்கும், ஆட்டத்துக்குத் திரும்புவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் அந்த ஆபத்து சுமார் பாதியாகக் குறைந்தது. முன்தொடை பலம், நான்கு வகைத் தாவல் சோதனைகள், கேள்விப் படிவங்கள் என்று வைத்த தகுதித் தேர்வில் தேறாதவர்களில் 38.2 சதவீதம் பேருக்கு மறுபடி காயம். தேறியவர்களில் 5.6 சதவீதம்தான்.

ஆய்வு சிறியது, தேறியவர்களின் எண்ணிக்கையும் குறைவு. அதனால் அந்த எண்களை அப்படியே உங்கள் தலையில் எழுதிய விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் இரண்டு விஷயத்தை நான் அழுத்திச் சொல்வேன். ஒன்பது மாதத்துக்கு முன் ஆட்டம் வேண்டாம். ஒன்பது மாதம் முடிந்துவிட்டது என்பதால் மட்டும் ஆடவும் வேண்டாம். நாட்காட்டி ஒரு நிபந்தனை, தேர்வில் தேறுவது இன்னொரு நிபந்தனை. இரண்டாவதை வீட்டில் தனியாக வைத்துக்கொள்ள முடியாது. பலத்தை அளக்கும் கருவியும் வேண்டும், நீங்கள் எப்படித் தரையிறங்குகிறீர்கள் என்று பார்க்கத் தெரிந்த கண்ணும் வேண்டும்.

அளவு என்ற விஷயத்தைக் கொஞ்சம் விரித்துப் பேச வேண்டும். உடல் தேறுவது பற்றி நாம் எல்லோரும் நம்பும் இரண்டு கருத்துகள் இருக்கின்றன: ‘நன்றாக ஓய்வெடு’, ‘நிறையப் பயிற்சி செய்’. இரண்டுமே தவறாகப் போன வரலாறு உண்டு.

ஓய்வை எடுத்துக்கொள்ளுங்கள். 1966இல் டல்லாஸில் இருபது வயதுள்ள ஆரோக்கியமான ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் முழுப் படுக்கையில் வைத்தார்கள். 30 வருடம் கழித்து அதே ஐந்து பேரை மறுபடி சோதித்தபோது, 30 வருட முதுமையைவிட அந்த மூன்று வாரப் படுக்கைதான் அவர்களுடைய உடல் உழைப்புத் திறனை அதிகமாகக் குறைத்திருந்தது தெரிந்தது. இடுப்பு எலும்பு முறிவுக்கு அறுவைச் சிகிச்சை செய்த பெரியவர்களை மறுநாளே எழுப்பி நிறுத்தப் பார்ப்பது இந்தக் காரணத்தால்தான். ‘பாவம், வலியில் இருக்கிறார், படுக்கட்டுமே’ என்று குடும்பத்தினர் தடுக்கும்போது எனக்கு மனம் கஷ்டப்படும். அவர்கள் அன்பினால்தான் சொல்கிறார்கள், ஆனால் அந்த ஓய்வு அவரைத் திரும்ப நடக்க விடாமலே செய்துவிடக்கூடும்.

மறுபக்கத்தையும் பாருங்கள். பக்கவாதம் வந்தவர்களை எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு அதிகமாக எழுப்பி நடக்கவைக்கிறோமோ அவ்வளவு நல்லது என்று எங்கள் துறையிலேயே பலர் நம்பினோம். 56 மருத்துவமனைகளில் 2,104 பேரை வைத்து நடந்த ஆய்வு 2015இல் வெளியானது. 24 மணி நேரத்துக்குள்ளேயே தொடங்கி வழக்கத்தைவிட அதிகத் தடவை படுக்கையை விட்டு எழுப்பப்பட்டவர்களில் 46 சதவீதம் பேர்தான் மூன்று மாதம் கழித்து நல்ல நிலையில் இருந்தார்கள். வழக்கமான கவனிப்பு பெற்றவர்களில் அது 50 சதவீதம். அதற்காகப் பக்கவாதத்தில் பயிற்சியே வேண்டாம் என்று அர்த்தம் இல்லை. முதல் சில மாதங்கள் மீட்சிக்குப் பொன்னான காலம். ஆனால் முதல் நாளிலேயே அளவை மீறினால், உதவும் என்று நினைத்ததே கெடுதலாக முடியலாம்.

தோள்பட்டை இறுகிப்போகும் ஃப்ரோஸன் ஷோல்டர் இன்னொரு உதாரணம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இது அதிகம் வரும். வலி உச்சத்தில் இருக்கும் கட்டத்தில் கையைப் பிடித்து வலுவாக இழுத்து நீட்டினால் சீக்கிரம் விட்டுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். வலி தாங்கும் எல்லைக்குள் மட்டும் அசைத்து, விளக்கம் சொல்லி, பொறுமையாக விட்ட குழு, வலியை மீறி நீட்டவைக்கப்பட்ட குழுவைவிட இரண்டு வருட முடிவில் நன்றாகத் தேறியதாக 2004இல் ஒரு சிறிய ஆய்வு காட்டியது. இங்கே நல்ல வழிகாட்டி செய்யும் பெரிய உபகாரம், கையை வைத்துக்கொண்டு சும்மா இருப்பதுதான்.

அப்புறம் குதிகால் தசைநாண் வலி. அங்கே முறை நேர்மாறானது. ஆல்ஃபிரெட்சன் என்ற மருத்துவர் 1998இல் வெளியிட்ட முறையில், படியின் விளிம்பில் நின்று குதிகாலை மெதுவாகக் கீழே இறக்க வேண்டும், 15 தடவை வீதம் மூன்று சுற்று, நாளுக்கு இரண்டு வேளை, 12 வாரம். செய்யும்போது வலித்தாலும் தொடரச் சொன்னார்கள், வலி குறைந்தால் முதுகில் எடை ஏற்றச் சொன்னார்கள். ஒரு மூட்டில் ‘வலித்தால் விடு’, இன்னொரு தசைநாணில் ‘வலித்தாலும் செய்’. எடையைப் படிப்படியாகக் கூட்டும் இந்த எண்ணம் புதிதல்ல. இரண்டாம் உலகப் போர்க் காலம் வரைக்கும் காயம்பட்ட சிப்பாய்களுக்கு இலேசான எடையில் பல தடவை அசைப்பதுதான் வழக்கம். தாமஸ் டெலார்ம் என்ற ராணுவ மருத்துவர் கனமான எடையைக் குறைவான தடவை தூக்கவைத்து, படிப்படியாகக் கூட்டும் முறையை 1945இல் எழுதினார். இன்றைக்கும் நாங்கள் உங்களிடம் ‘இந்த வாரம் இவ்வளவு, அடுத்த வாரம் கொஞ்சம் கூட’ என்று சொல்வதன் வேர் அங்கேதான் இருக்கிறது.

உங்களைப் போல வீட்டில் செய்பவர்கள் இரண்டு விதமாகத் தவறுகிறார்கள். சிலர் ஆறு மாதமும் அதே ரப்பர் பட்டை, அதே பத்துத் தடவை. தசை வளர எந்தக் காரணமும் இல்லை. சிலர் வலியில்லாத நாளில் எல்லாவற்றையும் இரட்டிப்பாக்கி, மறுநாள் வீங்கி, ஒரு வாரம் படுத்து, மறுபடி முதலிலிருந்து. இரண்டாவது ரகத்தவர்கள் மிகுந்த ஊக்கம் உள்ளவர்கள், அவர்களுக்குத் தேவை பிரேக் பிடிக்க ஒரு கை.

சரி, எங்கள் கை தேவைப்படாத இடங்கள். கணுக்கால் எலும்பு முறிந்து கட்டுப் பிரித்த 214 பேரில், ஒரு பகுதியினருக்குக் கண்காணிப்போடு பயிற்சித் திட்டம் கொடுத்தார்கள், மற்றவர்களுக்கு நல்ல ஆலோசனை மட்டும் கொடுத்தார்கள். 2015இல் வந்த முடிவு: இரு தரப்பும் ஒரே மாதிரி தேறினார்கள். முழங்கால் மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களில், மருத்துவமனையில் தங்கி மறுவாழ்வுப் பயிற்சி பெற்றவர்களையும் வீட்டுத் திட்டத்தில் இருந்தவர்களையும் ஒப்பிட்ட 2017 ஆய்வில், ஆறு மாதம் கழித்து நடைத் திறனில் வித்தியாசம் இல்லை. புதிதாக வந்த சாதாரண முதுகுவலியும் பெரும்பாலும் சில வாரங்களில் தானே தணிகிறது. முடிந்த அளவு நடமாடச் சொல்லி ஒருமுறை தைரியம் கொடுத்தால் பலருக்கு அது போதும்.

இந்த முடிவுகளைப் பார்த்து ‘அப்போ பிசியோவே வேண்டாம்’ என்று படிக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த ‘ஆலோசனை மட்டும்’ குழுவுக்கும், அந்த வீட்டுத் திட்டத்துக்கும் பின்னால் பயிற்சி பெற்ற ஒருவர் இருந்தார். அவர் பரிசோதித்தார், என்ன செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று எடுத்துச் சொன்னார். குறைந்தது வருகைகளின் எண்ணிக்கைதான், வழிகாட்டல் இல்லாமல் போகவில்லை. உங்களுக்கும் நான் இதையே சொல்கிறேன். நிறைய முறை போகத் தேவையில்லை. சரியான நேரத்தில் சில முறை போனால் போதும். தூரம் பிரச்சினை என்றால் நடுவில் சில சந்திப்புகளை வீடியோ அழைப்பிலும் வைத்துக்கொள்ளலாம். பலத்தை அளக்கும் நாளில் மட்டும் நேரில் போங்கள்.

யாரிடம் போவது என்பதும் முக்கியம். முதல் சந்திப்பில் உங்கள் அறுவைச் சிகிச்சைக் குறிப்பைக் கேட்கிறாரா பாருங்கள். தொடைச் சுற்றளவு, முழங்கால் நீட்டம், பலம் இவற்றை அளந்து எழுதிக்கொள்கிறாரா? எழுதாமல் போனால் அடுத்த மாதம் எதோடு ஒப்பிடுவார்? ஒவ்வொரு பயிற்சியும் எதற்கு என்று கேட்டால் உங்களுக்குப் புரியும்படி சொல்கிறாரா? மாதக்கணக்கில் ஒத்தடம், மின்கருவி, பிடித்துவிடல் என்று படுக்கவைத்தே அனுப்புகிறார் என்றால், உங்களை வியர்க்கவைக்கும் ஒரு பயிற்சிகூட இல்லை என்றால், வேறு ஆளைப் பாருங்கள். ‘உங்கள் எலும்பு விலகியிருக்கிறது, நான் வாராவாரம் ஏற்றிவிட வேண்டும்’ என்று பயமுறுத்திக் கட்டிப்போடுகிறவரிடமும் போகாதீர்கள். நல்ல பிசியோதெரபிஸ்ட் முதல் நாளிலிருந்தே தன்னிடமிருந்து உங்களை விடுவிக்கும் நாளைக் குறிவைத்து வேலை செய்வார்.

பயம் பற்றியும் ஒரு வார்த்தை. நீங்கள் அதைக் குறிப்பிடவில்லை, ஆனால் ஏசிஎல் முடிந்தவர்களில் பலர் பலம் வந்த பிறகும் ஆட்டத்துக்குத் திரும்பாததற்கு, மறுபடி அறுந்துவிடுமோ என்ற பயம் ஒரு முக்கியக் காரணம். இன்னும் சிலர் பயத்தோடே இறங்கி, அடிபட்ட காலை ஒதுக்கி ஒதுக்கி ஆடுவார்கள். இந்தப் பயத்தை அறிவுரையால் போக்க முடியாது. முதலில் நேராக ஓடுதல், அப்புறம் ஓடி நிற்றல், அப்புறம் திசை மாறுதல், அப்புறம் பந்தோடு, அப்புறம் ஒருவர் எதிரில் நிற்க, கடைசியாக மோதல். ஒவ்வொரு படியிலும் ‘கால் தாங்கியது’ என்று உடம்பே உணர வேண்டும். அந்தப் படிகளை யாராவது பக்கத்தில் நின்று வரிசைப்படுத்தினால் பயம் தானாகவே தளரும்.

இடையில் தனியாகச் செய்யும் நாட்களுக்கு ஒரு எளிய அளவுகோல். பயிற்சியின்போது இலேசான வலி இருந்தால் பரவாயில்லை. மறுநாள் காலை எழுந்ததும் முழங்காலைப் பாருங்கள். முந்தைய நாளைவிட வீங்கியிருந்தால், சூடாக இருந்தால், மடக்க இறுக்கமாக இருந்தால், நேற்றைய அளவு அதிகம். அடுத்த முறை குறையுங்கள். மாற்றம் எதுவும் இல்லையென்றால் அதே அளவைத் தொடர்ந்து, சில நாள் கழித்துக் கொஞ்சம் கூட்டுங்கள். ஒரே நாளில் எடையையும் எண்ணிக்கையையும் சேர்த்துக் கூட்டாதீர்கள். அப்புறம் எதனால் வீங்கியது என்று தெரியாமல் போகும்.

சில அறிகுறிகளுக்கு பிசியோதெரபிஸ்ட்டின் நேரம் கிடைக்கும் வரை காத்திருக்கவே கூடாது. கெண்டைக்கால் ஒருபக்கமாக வீங்கி, சூடாகி, அழுத்தினால் வலித்தால் ரத்தக் கட்டியாக இருக்கலாம். திடீர் மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். மூட்டு சிவந்து வீங்கிக் காய்ச்சல் அடித்தால் தொற்று என்று சந்தேகிக்க வேண்டும். முதுகுவலி உள்ளவர்கள் யாராவது இதைப் படித்தால்: உட்காரும் இடமும் தொடை இடுக்கும் மரத்துப்போவது, சிறுநீர் கழிக்க முடியாமல் போவது அல்லது அடக்க முடியாமல் போவது, கால்கள் பலமிழப்பது ஆகியவை அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இப்படித்தான் செய்வேன். இந்த வாரமே அறுவைச் சிகிச்சைக் குறிப்பை எடுத்துக்கொண்டு விளையாட்டுக் காயங்களில் அனுபவம் உள்ள ஒருவரிடம் போவேன். இப்போது செய்யும் வீடியோ திட்டத்தையும் அவரிடம் காட்டுவேன், தூக்கிப்போடத் தேவையில்லை. அதில் பாதி அவரே வைத்துக்கொள்ளச் சொல்லலாம். முழங்கால் நீட்டம், நீர், முன்தொடை பலம் மூன்றையும் அளந்து எழுதி வாங்குவேன். எப்போது ஓட ஆரம்பிப்பது என்பதை அந்த எண்களை வைத்து அவர் சொல்லட்டும். அப்புறம் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை போய்ப் பயிற்சியை மாற்றி வாங்கிக்கொண்டு, மற்ற நாட்களில் வீட்டிலோ ஜிம்மிலோ செய்வேன். ஆறாவது மாதம் ஒருமுறை முழுச் சோதனை, ஆட்டத்துக்காக அல்ல, எது பின்தங்கியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள. ஒன்பதாவது மாதம் மறுபடி. அப்போது முன்தொடை பலம் நல்ல காலின் 90 சதவீதத்தைத் தாண்டி, தரையிறங்கும்போது முழங்கால் உள்பக்கம் சாயாமல் இருந்தால், முதலில் அணியோடு பயிற்சிக்கு மட்டும் போகலாம். முழு ஆட்டம் அதற்கும் சில வாரங்கள் கழித்து.